பஸ்ஸை விட்டு இறங்காத சேர்

கம்பஸில் எங்களுக்கு ஆய்வு முறையியல் படிப்பித்தவர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டோடுதான் வருவார். கதிரையை லேஞ்சியால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். மக்களோடு மக்களாய்ப் பழகாதவன் ஆய்வாளனே இல்லை என்று அடிக்கடி சொல்லுவார்.

கிராமத்தவரின் சுகாதார அறிவை ஆராய எங்களை ஒட்டுசுட்டானுக்குக் கூட்டிப்போன அன்று, அவர் மட்டும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை.

“நான் வந்தால் சனம் இயல்பாய்க் கதைக்காது. நீங்கள் போங்கோ” என்றார். ஒழுங்கை முழுக்கச் சேறாக இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

முதல் வீட்டில் நாங்கள் கேள்வி கேட்குமுன் அந்த வீட்டு அம்மாவே கேட்டார்.

“உங்கட சேர் ஏன் பிள்ளை இறங்கேல்லை? வருத்தமோ?”

வேறென்ன சொல்வது? “ஓம் அம்மா, கொஞ்சம் காய்ச்சல்” என்றேன்.

அவர் குசினிக்குள் போய், இஞ்சி தட்டிப்போட்டு மல்லித்தண்ணி அவித்து, பேணியில் ஊற்றி, சேற்றுக்குள் தானே நடந்துபோய் பஸ் யன்னலால் நீட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். சேர் ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடித்தார். அந்த அம்மாவின் பின்னால் வந்து நின்ற எங்களிடம் சொன்னார்:

“வருத்தமில்லாத ஆளுக்கு மருந்து குடுக்கினம். சுகாதார அறிவு குறைவு எண்டு எழுதுங்கோ.”

வெறும் பேணியைத் திருப்பிக் கொடுக்க நான் போனேன்.

“இப்ப குறைஞ்சிட்டுதோ பிள்ளை?”

“இல்லை அம்மா. இது நாள்பட்ட வருத்தம்.”