சித்தி குற்றாலம் போனது

எங்கள் வீட்டில் எல்லோர் முதுகையும் மிதித்து விடுகிற வேலை என்னுடையது. அப்பா மரக்கடையிலிருந்து வந்து குப்புற விழுந்தால், நான் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி நடப்பேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கனம் இதற்கென்றே அளந்து செய்ததுபோல இருக்கிறதாம். எனக்கு அதில் ஏகப்பட்ட மிதப்பு.

அறுபதுகளின் தொடக்கம். ஆலங்குளத்தில் கட்டிக்கொடுத்திருந்த சித்தி, தலைப்பிரசவத்துக்குத் தென்காசி வந்திருந்தாள். பெற்ற தாய் இல்லாதவளுக்கு அக்கா வீடுதானே தாய்வீடு. எட்டு மாதம். வயிற்றைவிட அவளை வாட்டியது இடுப்பு. வலது இடுப்பில் சுருக்கென்று பிடித்து, தொடை வழியாகக் குதிகால்வரை வெட்டி இழுக்கும். நடந்துகொண்டிருப்பவள் அப்படியே நின்றுவிடுவாள்.

"தந்தி அடிக்கான்டி" என்பாள் சிரித்துக்கொண்டே.

எங்கம்மைக்குப் பொறுக்காது. தந்தி என்றாலே சாவுச் செய்தி என்றிருந்த காலம். "வயித்துப்பிள்ளையை வச்சுக்கிட்டு தந்தி கிந்திங்காத. வாயைக் கழுவு."

"நான் மிதிக்கட்டுமா சித்தி?" என்று கேட்டால் அதற்கும் அம்மைதான் பதில் சொல்வாள். "அவ மேல காலை வச்சே, காலை ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்."

அன்றைக்கு அம்மை கீழப்பாவூரில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தாள். பங்குனி வெயில். தார் ரோடு காலைப் பொசுக்க, மத்தியானச் சோற்றுக்கு ஓடி வந்தேன். சித்தி தூணைப் பிடித்தபடி நின்றாள். உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. கண் கலங்கியிருந்தது.

"ஏட்டி, கெண்டைக்காலை மட்டும் மிதிச்சு விடுதியா? முட்டுக்கு மேல வரப்படாது. அக்காகிட்ட மூச்சு விடப்படாது."

வலது காலில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள். மிதிக்க மிதிக்க அவள் முகம் இளகியது. "ஆ, அங்கனதான்" என்றாள். எனக்கு அது போதாதா? வலி புறப்படுகிற இடம் இடுப்பல்லவா, அங்கேயே மிதித்தால் முழுசாகப் போய்விடுமே என்று நானே வைத்தியராகி, முட்டைத் தாண்டித் தொடையில் ஏறி, இடுப்பில் ஒரு காலை வைத்தேன். எண்ணெய்க் கால். வழுக்கியது. என் முழங்கால் அவள் வயிற்றில் போய் விழுந்தது.

சித்தி கத்தவில்லை. இரண்டு கையாலும் வயிற்றை அணைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"ஒண்ணுமில்ல. நீ சோத்தைத் தின்னுட்டுப் போ."

தின்றேன்; பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. மத்தியான வேளையில் உள்ளே இருப்பவன் உதைப்பான்; என் கையைப் பிடித்து வைத்துக் காட்டுவாள். அன்று வைத்த கைக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. கருப்பட்டித் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டுக் காத்திருந்தாள். இல்லை. மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். அப்போதும் இல்லை. "தூங்குதான்" என்றாள், சுவரைப் பார்த்து. பள்ளிக்கூடம் விட்டு மற்றப் பிள்ளைகள் தெருவில் கூவிக்கொண்டு போனார்கள். வெயில் முற்றத்தைத் தாண்டிச் சுவரில் ஏறிவிட்டது. அவள் கை வயிற்றைவிட்டு எடுபடவே இல்லை. கையைக் கழுவவேண்டும் என்ற நினைப்புகூட இல்லாமல் சோற்றுக் கையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பொழுது சாய வந்த அம்மை, தங்கச்சி முகத்தைப் பார்த்ததுமே ஓடிப்போய்ப் பக்கத்துத் தெரு நர்ஸம்மாவை அழைத்து வந்தாள். நர்ஸம்மா மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தாள். இடம் மாற்றினாள். மறுபடியும் மாற்றினாள். கதவுக்குப் பின்னால் நான் மூச்சுவிடவில்லை.

"ஓடுதான்" என்றாள் கடைசியில். "ஜட்காக் குதிரை கணக்கா ஓடுதான்."

அம்மைக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "என்னத்தட்டி செஞ்சு தொலைச்சே?"

சித்தி கொஞ்சம் யோசித்தாள். "குற்றாலம் போனேன்க்கா. காலையில, இவ பள்ளிக்கூடம் போன பொறவு. அருவித் தண்ணி அடிச்சா இழுப்பு விட்டுரும்னு நெனச்சேன். பாறை வழுக்கிட்டு."

"அருவிக்கா? இந்த மாசத்துலயா?"

"ஆமாக்கா."

அம்மை தங்கச்சி முகத்தையே பார்த்தாள். நர்ஸம்மா சித்தியின் இடுப்புச் சேலையில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தாள், கதவோரம் திரும்பினாள். "ஏட்டி, போய்க் காலைக் கழுவிட்டு வா."

கழுவிவிட்டு வரும்போது சித்திக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளை பாரத்தில் நரம்பு அழுந்துகிறதாம். ஒருக்களித்தே படுக்கவேண்டும், முட்டுகளுக்கு நடுவே தலையணை வைக்கவேண்டும், இடுப்புக்கு இளஞ்சூட்டில் ஒத்தடம், ரொம்ப நேரம் நிற்கக்கூடாது. "பெத்து எடுத்தா தன்னால போயிரும். அதுவரைக்கும் எந்த அருவியையும் மேல ஏத்தாத, என்ன?"

சித்தி சிரித்தாள். அம்மையும் சிரித்த மாதிரி இருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமெல்லாம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. என்னை விட்டுவிட்டுக் குற்றாலமா? நான் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த நேரத்தில் இவள் அருவியில் நின்றாளா? ஆக, பிள்ளை அசையாததற்கும் அவள்தான் காரணம், நானில்லை. அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை. தலையணை எடுத்துத் தரக் கூப்பிட்டால் காது கேட்காது. அடுத்த மாதம் மகன் பிறந்தான்; வலியும் நர்ஸம்மா சொன்னபடியே விட்டுப்போனது. அவனையும் நான் தூக்கவில்லை. ஊருக்குத் திரும்புகிற அன்று சித்தி ஆலங்குளம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, "அடுத்த தடவை குற்றாலத்துக்கு உன்னையும் கூட்டிட்டுப் போறேன்டி" என்றாள் ஜன்னல் வழியாக. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இருபது வருஷம் கழித்து, என் வயிற்றில் எட்டு மாதம். எனக்கும் இடுப்பிலிருந்து தந்தி. செங்கோட்டைக்குப் போகிற வழியில் நானும் என் வீட்டுக்காரரும் குற்றாலத்தில் இறங்கினோம். அதே பங்குனி மாசம். பேரருவிப் பாறை காய்ந்து வெளுத்துக் கிடந்தது. பெண்கள் குளிக்கிற இடத்தில் இரண்டு ஆடுகள் படுத்து அசைபோட்டன. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

சித்தி அருவிக்குப் போனாள் என்று அந்த வீட்டில் நம்பியவள் நான் ஒருத்திதான்.