பிள்ளை தப்பாகப் பேசட்டும் என்று ஜெபித்தேன்

என் வீட்டில் ஆண்டவர் செய்ததை எனக்குள்ளேயே வைத்துக்கொள்ள மனசில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஒரே மகள் பெர்சிக்குப் போன வருடம் நான்கரை வயது. அவள் வாயில் ‘க’ வராது, எல்லாம் ‘த’தான். கத்திரிக்காய் அவளுக்குத் தத்திரித்தாய். வீட்டில் கொஞ்சிச் சிரித்தோம். பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்து சிரித்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக என் வாயாடி வெளியில் பேசுவதையே நிறுத்திவிட்டாள். எது கேட்டாலும் தலையாட்டல்தான்.

பேச்சுப் பயிற்சி கொடுப்பவரிடம் காட்டச் சொன்னார் ஆசிரியை. படம் காட்டிப் பெயர் கேட்பார்களாம். எனக்கு அது எல்கேஜி அட்மிஷன் மாதிரிதான் பட்டது. விடுவேனா? ஒரு வாரம் படச் சார்ட்டை வைத்துப் பிள்ளையை உருப்போட வைத்தேன். “ஆண்டவரே, என் பிள்ளை பாஸாகணும்” என்று உபவாசமும் இருந்தேன்.

அந்தப் பயிற்சியாளர் முதலில் நாங்கள் எடுத்துப்போயிருந்த காது சோதனை ரிப்போர்ட்டைப் பார்த்தார். டார்ச் அடித்து நாக்கையும் அண்ணத்தையும் பார்த்தார். பிறகு ஒரு படத்தை நீட்டினார். பெர்சி வாயே திறக்கவில்லை.

“கப்பல்னு சொல்லுடி தங்கம், நேத்து சொன்னியே!” என்று முந்திக்கொண்டேன்.

அவர் சிரித்துவிட்டார். “அக்கா, இது பரீட்சை இல்ல. நீங்க பழக்குனது எனக்கு வேணாம். அவ தன்னால எப்படிச் சொல்றான்னு கேட்டாத்தான் எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியும். செத்த நேரம் வெளிய இருங்க.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பிள்ளையின் வாயை நானும் சேர்ந்தல்லவா அடைத்திருக்கிறேன்! அதுவரை கேட்டதை மாற்றிக் கேட்டேன். “ஆண்டவரே, அவள் தப்பாகவே பேசட்டும். பேசினால் போதும்.”

கதவிடுக்கில் பார்த்தால், உள்ளே பொம்மைக் காய்களைப் பரப்பிக் கடை விளையாட்டு நடந்தது. செத்த நேரத்தில் என் மகளின் குரல், அதுவும் அதட்டலாக: “தத்திரித்தாய் வேணுமா, தத்தாளி வேணுமா? சீத்திரம் சொல்லு!” ஒவ்வொரு சொல்லையும் அவர் எழுதிக்கொண்டிருந்தார். நான் ஸ்தோத்திரம் சொல்லிச் சொல்லி அழுதேன்.

“காதும் நாக்கும் நல்லா இருக்கு. ‘க’வுக்கு நாக்கோட பின்பக்கத்தத் தூக்கணும், இவ நுனியத் தூக்குறா. பழக்கிரலாம்க்கா” என்றார்.

மாதக்கணக்கில் பழகினாள். இப்போது அவசரத்தில் மட்டும்தான் சறுக்குகிறாள். போன வாரம் ஆசிரியை கூப்பிட்டு, வகுப்பில் இவள் பேச்சை நிறுத்த மாட்டேன் என்கிறாள் என்று புகார் சொன்னார். அந்தப் புகாருக்காக வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்று நன்றி சொன்னேன்.

முன்பெல்லாம் ஜெபத்தில்கூடப் பூசி மெழுகித்தான் பேசுவேன். இப்போது இல்லை. பிள்ளையைப் பற்றிய கவலை உங்களுக்கும் இருந்தால், இருக்கிறபடியே ஆண்டவரிடம் கொண்டுபோங்கள். பேச்சைச் சோதித்துப் பார்க்கிறவர்களிடமும் பிள்ளையை அப்படியே கூட்டிப்போங்கள். திருத்தி எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.