தண்ணீர் கீழேயிருந்து ஏறிய ஓடை

கம்ப்யூட்டர் சொன்ன சரியான விடையைத் தப்பு என்று அடித்துவிட்டு, தப்பான விடைக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். அடித்ததோடு விட்டேனா? அந்தத் தாளைக் கிழித்து, மதுரை பஸ் ஸ்டாண்டில் வாங்கிய வடையின் எண்ணெயையும் அதில் ஒற்றி எடுத்தேன். மூளையைப் பயன்படுத்தாதவன் தாளையாவது வீணாக்கக் கூடாது அல்லவா.

எண்பதுகளின் நடுப்பகுதி. தேனியில் ஆற்றுப் பாசன ஆபீசில் நான் ஜூனியர் இன்ஜினியர். காமயகவுண்டன்பட்டிப் பக்கம் மலையிலிருந்து இறங்கி ஆற்றில் சேரும் ஓர் ஓடை. அதன் கரையில் பதினோரு வீடுகள். வெள்ளம் வந்தால் எந்தெந்த வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் என்று நான் கணக்குப் போட்டுத் தரவேண்டும். ஏறும் என்று எழுதினால் அந்த வீட்டுக்காரருக்கு மேட்டில் மனையிடம் கிடைக்கும். ஏறாது என்று எழுதினால் கிடைக்காது.

கணக்கைக் கம்ப்யூட்டரில் போடச் சொன்னார்கள். அதற்கு மதுரைக்குப் பஸ் ஏறவேண்டும். ஏசி அறை. கோயில் போலச் செருப்பை வாசலில் விட்டுத்தான் உள்ளே போகலாம். அந்த இயந்திரத்துக்கு நம் ஓடையின் இரண்டு முனைகளுக்கு வெளியே உலகமே கிடையாது. மேல்முனையில் மலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் வருகிறது, கீழ்முனையில் ஆற்று மட்டம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று நாம்தான் சொல்லவேண்டும். எல்லை நிபந்தனை என்று அதற்குப் பெயர். இரண்டையும் சொல்லிவிட்டால் நடுவில் நடப்பதை அது பார்த்துக்கொள்ளும்.

மலைத்தண்ணீரின் அளவு எனக்கு அன்றைக்குக் கைக்கு வரவில்லை. சோதனைக்காகக் கோடைக்கால ஓடைக்குரிய ஒரு சிறிய எண்ணைப் போட்டேன். கீழ்முனைக்கு, ஆற்று மட்டம் எழுதும் பதிவேட்டைத் திறந்து, விரல் பட்ட பக்கத்தில் இருந்ததைத் தட்டினேன். அந்த ஒரு எண் மட்டும் சிவப்பு மையில் இருந்தது. எழுதியவருக்கு நீல மை தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அச்சு இயந்திரம் கரகரவென்று தாளைத் துப்பியது. முதல் சில வரிகள் ஒழுங்காக இருந்தன. பிறகு கீழ்முனையில் ஓட்டத்தின் அளவுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி, அதாவது தண்ணீர் பின்னோக்கிப் போகிறது. அடுத்த வரியில் அதற்கு மேலே இருந்த இடத்திலும் ஒன்று. அடுத்த வரியில் இன்னும் மேலே. ஓடை மலையைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தது. மேலே மழை இல்லை. ஆனாலும் ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்த கடைசி வீடு முதலில் நனைந்தது. வெறுங்காலோடு நின்ற எனக்கு உள்ளங்கால் ஈரமானது போல் இருந்தது. குனிந்து பார்த்தேன். தரை காய்ந்துதான் கிடந்தது.

தேனிக்குத் திரும்பி என் மேலதிகாரியிடம் சொன்னேன்.

"யோவ், ஓடை மலையேறுதா? சபரிமலைக்கு மாலை கீலை போட்டிருக்காய்யா அது?" என்றார். ஆபீசே சிரித்தது. எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.

அடுத்த வாரம் டேப் பிடிக்க ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு ஓடைக்குப் போனேன். அந்தக் கடைசி வீட்டில், திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போகும் ஒரு பெண்ணும் அவர் புருஷனும் இருந்தார்கள். மண் சுவர், ஓட்டுக் கூரை, வாசலில் இரண்டு ஆடுகள். நாற்பது வயது இருக்கும் அந்த அக்காவுக்கு.

"சாரு, மேட்டுல எடம் குடுக்கப் போறாகளாமே. எங்க வீட்ட மொதல்ல எழுதுங்க. இங்கன தண்ணி கீழ இருந்துதான் ஏறும்."

"கீழ இருந்தா?"

"ஆமா. ஆத்துல இருந்து உள்ள வரும். சத்தமே இருக்காது. நாங்க குடி வந்த வருசம் ஒருக்கா வந்துச்சு. எலை தழையெல்லாம் மலையப் பாத்துப் போச்சு."

"அப்ப ஏறி மெதக்க ஒரு கட்ட கெடச்சாப் போதும்க்கா. ஜீப்புக்குக் காசு இல்லாமலே மலை மேல குமுளிக்குப் போய்ச் சேந்துரலாம்."

டேப் பிடிக்க வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "எழுதிட்டுச் சிரிங்க சாரு" என்றார்.

திரும்பும்போது கரையில் நின்ற புங்க மரங்களைப் பார்த்தேன். மார்பு உயரத்தில், பட்டையில் பழைய வைக்கோலும் கந்தல் துணியும் காய்ந்து ஒட்டியிருந்தன. மலையிலிருந்து வரும் தண்ணீர் சுமந்து வந்திருந்தால் அவை மலை பார்த்த பக்கத்தில் சிக்கியிருக்கவேண்டும். எல்லா மரத்திலும் ஆறு பார்த்த பக்கத்தில்தான் இருந்தன. காற்றில்லாத நேரம். ஆனாலும் ஒரு துணி மட்டும் லேசாக ஆடியது. 'ஆடு ஒட்டி வைத்திருக்கும்' என்று எனக்கு நானே ஒரு ஜோக் சொல்லிக்கொண்டு வேகமாக நடந்தேன்.

மறுபடி மதுரை. இந்தத் தடவை மேல்முனைக்கு மலையிலிருந்து நிறையத் தண்ணீர் கொடுத்தேன். கீழ்முனைக்கு, சிவப்பு எண்ணை விட்டுவிட்டு, நீல மையில் இருந்த ஆற்றின் அன்றாட மட்டம். கழித்தல் குறி ஒன்றுகூட இல்லை. தண்ணீர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வரிசையாக இறங்கி ஆற்றுக்குப் போனது. மேலே இருந்த நான்கு வீடுகள் நனைந்தன. கடைசி வீடு காய்ந்தே இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

ஆடி மாதம் அந்த நான்கு வீட்டுக்காரர்களுக்கும் மனையிடம் அளந்து கல் ஊன்றப் போயிருந்தேன். பிற்பகல், வானத்தில் பொட்டு மேகம் இல்லை. மழை, ஆறு பிறக்கும் தூரத்து மலையில்தான். ஆறு காலையிலிருந்தே ஏறிக்கொண்டிருந்தது என்பதை எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. நம் தலைக்கு மேல் வெயில் அடித்தால் வெள்ளம் இல்லை என்று நினைப்பது எங்கள் பள்ளத்தாக்கு வழக்கம்.

முதலில் தவளைச் சத்தம் நின்றது. பிறகு ஆடுகள் கயிற்றை இழுத்தன. ஓடையைப் பார்த்தேன். ஒரு தேங்காய் மட்டை என்னைக் கடந்து மலையை நோக்கிப் போனது. அதன் பின்னால் ஒற்றைச் செருப்பு, யாரோ கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது போல, அவசரமில்லாமல்.

"ஏலே, ஆட்ட அவுறுடா!" என்று யாரோ கத்தினார்கள். தண்ணீருக்குச் சத்தமே இல்லை. கடைசி வீட்டின் பின்பக்கம் அடுப்படி வழியாக அது உள்ளே போனதை, நாங்கள் மேட்டில் ஏறி நின்று பார்த்தோம். அப்போது அந்த வீட்டின் முன்கதவு உள்ளேயிருந்து தட்டப்பட்டது. நிதானமாக, இரண்டு தடவை.

நான் தலைகளை எண்ணினேன். அக்கா, அவர் புருஷன், பக்கத்து வீட்டுக்காரர்கள், எல்லோரும் வெளியேதான் இருந்தார்கள். மறுபடி தட்டும் சத்தம். என் வாயில் ஒரு ஜோக்கும் வரவில்லை.

"கொடம் மெதக்குது சாரு" என்றார் அக்கா, கதவைப் பார்த்தபடியே.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. கடைசி வீட்டின் ஊறிய மண் சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

சிவப்பு மை என்றால் வெள்ள மட்டம் என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ளாதது உட்பட, நடந்ததை ஒளிக்காமல் எழுதி, பட்டியலைத் திருத்திக் கொடுத்தேன். கடைசி வீடு இப்போது முதல் பெயர். அதைச் சொல்ல, அவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அக்கா ஜன்னல் கம்பியில் ஆட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என் தப்புதான்க்கா. உங்க வீட்ட மொதல்ல எழுதியிருக்கேன்" என்றேன்.

முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் அவர் நிமிர்ந்தார்.

"நீங்க கெட்டவரு இல்ல சாரு. ஆனா இனிமே எங்களப் பத்தி எழுதுறதுக்கு வேற ஆள அனுப்பச் சொல்லுங்க."