பெரியம்மா ஓட்டிய மூன்று கார்கள்

கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் கார் ஓட்டப் பழகிய பெண்களில் பாதிப் பேராவது எங்கள் பெரியம்மாவிடம் திட்டு வாங்கியிருப்பார்கள். அம்மாவின் அக்கா அவர். பெரியப்பா காலமான பிறகு எங்கள் வீட்டு மேல்மாடி அறைக்கு வந்து சேர்ந்தார். வரும்போது கொஞ்சம் பெட்டிகளையும் பெரியப்பாவின் மொரிஸ் மைனர் காரையும் கொண்டுவந்தார். கணவனை இழந்தவர் வீட்டோடு இருப்பார் என்று எதிர்பார்த்த உறவினர்கள், அவர் அந்தக் காரிலேயே பெண்களுக்கு ஓட்டப் பழக்கத் தொடங்கியதும் எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். சில காலத்தில் அவர்களுடைய மருமகள்களுக்கு லைசன்ஸ் தேவைப்பட்டது. மறுபடி வரத் தொடங்கினார்கள்.

அம்மா கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்தார். அப்பாவும் வீடு திரும்ப இருட்டிவிடும். ஆகவே பள்ளிக்கூடம் விட்டதும் நான் பெரியம்மாவின் பொறுப்பு. பெரியம்மாவின் பொறுப்பில் ஏற்கெனவே ஒரு காரும், அதை எங்கேயாவது மோதிவிடத் துடிக்கும் ஒரு மாணவியும் இருந்ததால், என் பிற்பகல்கள் எல்லாம் பின் இருக்கையில் கழிந்தன. வீட்டுப்பாடக் கொப்பி மடியில் இருக்கும். கண் ஸ்டியரிங்கில் இருக்கும்.

மொரிஸின் ஸ்டியரிங் பெரியது. ஆனால் பிடிக்கும் வளையம் விரல் தடிப்புத்தான். நின்ற இடத்தில் அதைத் திருப்புவதற்குத் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டும். ஓடத் தொடங்கிவிட்டாலோ இலேசாகிவிடும், ஆனால் சும்மா இருக்காது. தார் முடிந்து கல் தொடங்குவதும், முன் டயரில் காற்றுக் குறைவதும், மழையில் ரோட்டு வழுக்கத் தொடங்குவதும் முதலில் கைக்குத்தான் தெரியும் என்பார் பெரியம்மா. பழக வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் முதல் பாடமே அதுதான். "ரோட்ட பாதி கண்ணால பாருங்க, பாதி கையால பாருங்க." பயத்தில் இறுக்கிப் பிடித்தால் திட்டு விழும். "கோழிக்குஞ்ச பிடிக்கிற மாதிரி பிடிங்க. நசுக்கவும் கூடாது, ஓடவும் விடக் கூடாது."

மொரிஸில் பழகியவர்களுக்கு வீட்டுக்குப் போனதும் தோள்பட்டைக்கு எண்ணெய் தேய்க்க வேண்டியிருந்தது. அந்தக் காரணத்தால் மாணவிகள் குறைந்தபோது, பெரியம்மா மனமில்லாமல் அதை அக்குறணையில் கடை வைத்திருந்த ஒரு ஹாஜியாருக்குக் கொடுத்தார். பழைய கார்களைப் பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொள்கிறவர் அவர். அதற்குப் பிறகு வந்தது பவர் ஸ்டியரிங் உள்ள ஒரு ஜப்பான் கார். அதைத் திருப்புவதற்குத் தோள் வேண்டியதில்லை, மணிக்கட்டுப் போதும். பெரியம்மா அதைப் பற்றி அதிகம் குறை சொல்லவில்லை. மொரிஸ் வாயாடி, எல்லாவற்றையும் சொல்லும். இது அடக்கமான பிள்ளை, கேட்டால் மட்டும் சொல்லும் என்பார்.

மூன்றாவதாக வந்தது ஹைபிரிட் கார். கியர் போடத் தேவையில்லாத காரில்தான் பழகுவோம் என்று எல்லாரும் கேட்கத் தொடங்கியிருந்த காலம். அது சத்தமில்லாமல் புறப்படும். ஸ்டியரிங்கை ஒரு விரலால் சுற்றலாம். உள்ளே இருக்கும் மின் மோட்டார்தான் திருப்புகிறது, நாம் சும்மா சைகை காட்டினால் போதும் என்று அப்பா எனக்கு விளக்கினார். மாணவிகளுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஆரம்பத்தில் ஊமை என்றார். மாதங்கள் போகப் போக, இருந்த கொஞ்சப் பேச்சும் நின்றுவிட்டது என்றார். ஏதோ பழுதாகிக்கொண்டு வருகிறது என்று நம்பினார்.

கட்டுகஸ்தோட்டையில் இருந்த கராஜுக்குக் காரைக் கொண்டுபோனபோது நானும் போனேன். ஊரில் எல்லாரும் பெரியம்மாவை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கிருந்த சிங்கள மெக்கானிக் டயர்களைப் பார்த்தார், அடியில் படுத்துப் பார்த்தார், ஓட்டியும் பார்த்தார். "ஒண்ணும் இல்ல டீச்சர். புது வாகனம் இப்படித்தான். மோட்டார் திருப்புறது, ரோட்டு கைக்கு வாறது குறைவு" என்றார். அதில் உண்மை இருந்ததால் யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. பெரியம்மா மட்டும் வேறொரு நாள் மறுபடி கொண்டுபோனார். மறுபடியும் அதே பதில் கிடைத்தது.

கலஹாப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஆசிரியை ஒருவர் அப்போது பழகிக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை பாடம் முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம் என்று பெரியம்மாவே அவரை வீட்டில் விடப் புறப்பட்டார். அவர்கள் இருவரும் முன்னால் இருந்தார்கள், நான் பின்னால். பேராதனை தாண்டி ரோட்டு மேலே ஏறத் தொடங்கியதும் பனிமூட்டம் இறங்கியது. ஒரு வளைவில் மேலிருந்து பஸ் வந்தது. பெரியம்மா இடப்பக்கம் ஒதுக்கினார். ஒதுக்கினார் என்பதைவிட, ஒதுக்கிக்கொண்டே போனார் என்று சொல்ல வேண்டும். காரின் அடியில் கற்கள் தெறிக்கும் சத்தம் கேட்டது. நான் இடப்பக்கக் கதவில் சரிந்தேன்.

"டீச்சர், ரோட்ட விட்டு எறங்குது" என்றார் ஆசிரியை. முதலில் மெதுவாகத்தான் சொன்னார். பழக வந்தவர் பழக்குகிறவரிடம் அப்படிச் சொல்லலாமா என்ற தயக்கம். அடுத்த முறை கத்தினார்.

பெரியம்மா பிரேக்கை மிதித்தார். முன் சக்கரம் ஒன்று ரோட்டோரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. கானுக்கு அப்பால் தேயிலைச் செடிகள் கீழ்நோக்கி இறங்கி மூட்டத்துக்குள் மறைந்தன. பஸ் நின்று, அதிலிருந்து இறங்கிய ஆண்கள் காரின் மூக்கைத் தூக்கி ரோட்டில் வைத்தார்கள். அவர்களில் வயதான ஒருவர் ஜன்னல் வழியே குனிந்து கேட்டார்.

"கல்லு சத்தம் கேக்கலயாம்மா?"

"கேட்டுச்சு" என்றார் பெரியம்மா. "கைக்கு வரல."

கார் தூக்கப்படும்போதும் அதற்குப் பிறகும் அவர் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை.

அன்று வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. அந்தக் காரை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுப் பிள்ளைகளைக் கொல்ல முடியாது, விற்றுவிடப்போகிறேன் என்றார் பெரியம்மா. ஒரு நாள் தவறியதற்குக் காரைத் திட்டலாமா என்று அம்மா சமாதானம் சொன்னார். எனக்குக் காரை விற்பதில் சம்மதமே இல்லை. எங்கள் வகுப்பில் வேறு யார் வீட்டிலும் ஹைபிரிட் கார் இருக்கவில்லை. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. பாடங்கள் நிறுத்தப்பட்டன. சில நாட்கள் கழித்துப் பெரியம்மா என்னிடம், "அக்குறணைக்குப் போவோமா? மொரிஸ ஒரு தடவ ஓட்டிட்டு வந்தா இதுல என்ன கொறைன்னு கரெக்டா சொல்லிருவேன்" என்றார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

மாத்தளை ரோட்டில் பெரியம்மா அவ்வளவு மெதுவாக ஓட்டியதை நான் முன்பு பார்த்ததில்லை. பின்னால் வந்த முச்சக்கர வண்டிகள்கூட ஹோர்ன் அடித்துவிட்டு முந்திப் போயின.

ஹாஜியார் கடையிலிருந்து இறங்கி வந்து வரவேற்றார். "வாங்க டீச்சர். ஒங்கட வண்டி நல்லா ஈக்கிது. ஓட்டிப் பாக்கக் கேக்கவும் வேணுமா?" என்று கையோடு சாவியைக் கொடுத்தார். அவருடைய மனைவி, குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிளேன்டீ கொண்டுவந்தார். நான் கிளாஸைத் தொட்டதும் உட்கார்ந்திருந்த கதிரையின் கைப்பிடியில் வைத்துவிட்டேன், அவ்வளவு சூடு. பெரியம்மா தன்னுடையதை உள்ளங்கையில் வைத்து, விரல்களால் சுற்றிப் பிடித்தபடி மொரிஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "டீச்சர், சுடல்லயா?" என்று அந்தப் பெண் கேட்டார். பெரியம்மா குனிந்து கிளாஸைப் பார்த்தார். பிறகு அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

கடைக்குப் பின்னால் வயல் பக்கமாகப் போகும் ஒழுங்கை ஒன்று இருந்தது. பாதித் தூரம் தார், மீதி கல். அன்று நான் முன்னால் இருந்தேன். மொரிஸ் புறப்பட்டதும் கதவு, கண்ணாடி, என் பற்கள் எல்லாம் ஆடத் தொடங்கின. கல் ரோட்டுக்குள் இறங்கியதும் கார் இன்னும் மோசமாகக் குலுங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது. பெரியம்மாவும் சிரிக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். அவர் காரை நிறுத்தினார். உள்ளங்கைகளைச் சேலையில் தேய்த்துக்கொண்டு மறுபடி பிடித்தார். கொஞ்சத் தூரம் ஓட்டினார். மறுபடி நிறுத்தினார். இன்ஜினை நிறுத்தவில்லை.

"நீ கைய வை" என்றார்.

நான் முழங்காலில் எழும்பி, சாய்ந்து, இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

"என்ன தெரியுது?"

"கூசுது பெரியம்மா."

"கூசுதா?"

"ஆமா. முழங்கை வரைக்கும் வருது."

அவர் தன் கையை என் கைக்குப் பக்கத்தில், வளையத்தின் மேலேயே வைத்தார். டாக்டர் நாடி பார்ப்பது போல அசையாமல் வைத்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"இதுவும் பேசலயா பெரியம்மா?"

"இதுவும் பேசல."

எனக்குக் கூசியது வேறு, பெரியவர்களுக்கு ஸ்டியரிங் பேசுவது வேறு என்று நினைத்தேன். லைசன்ஸ் எடுத்த பிறகுதான் அது கேட்கும்போல. மொரிஸும் பேசாவிட்டால் அதிலிருந்து வரும் முடிவு ஒன்றுதான். கணக்குப் பாடத்தில் எனக்கு வராத தெளிவு அன்று வந்தது.

"அப்ப நம்ம புதுக் கார்ல ஒரு கொறையும் இல்லதானே?"

பெரியம்மா முன்கண்ணாடி வழியே ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல" என்றார் கடைசியில். "அதுல ஒரு கொறையும் இல்ல." இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார். மொரிஸை அவர் திருப்பிக்கூடக் கொண்டுவரவில்லை. நாங்கள் நடந்துபோய் ஹாஜியாரிடம் சாவியைக் கொடுத்தோம். ஹைபிரிட் காரின் சாவியையும் கொடுத்து, பின்னேரம் மகனிடம் சொல்லிக் காரை வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று பெரியம்மா கேட்டார். ஹாஜியார் காரணம் கேட்கவில்லை. அவருடைய மனைவி பெரியம்மாவின் தோளைத் தொட்டு ஏதோ மெதுவாகச் சொன்னார்.

பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. வழிநெடுக நான்தான் பேசினேன். பெரியம்மா கட்டைவிரல் நகத்தால் மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வந்தார். பாடம் நின்றுபோன மாணவிகளை எண்ணுகிறார் என்று நினைத்தேன்.

வீட்டில் அம்மா சமைத்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே செய்தியைச் சொன்னேன். "அம்மா, காரை விக்கத் தேவயில்ல. கார்ல ஒண்ணுமில்லயாம். மொரிஸும் அதே மாதிரி பேசவே இல்லயாம். பெரியம்மாவே சொன்னாங்க." அம்மா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வாசலில் நின்ற பெரியம்மாவைப் பார்த்தார். அடுப்பை அணைத்தார். இருவரும் மேலே போனார்கள், கதவு சாத்தப்பட்டது. நல்ல செய்தி கொண்டுவந்த எனக்கு ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சீனி வியாதி பெரியம்மாவின் உடம்பில் வருடக்கணக்காக இருந்திருக்கிறது என்று அடுத்த வாரம் கண்டி ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். கால் மரத்துப்போனதை அவர் வயதென்று நினைத்திருக்கிறார். கை மரத்துப்போனதைக் காரென்று நினைத்திருக்கிறார். அதற்குப் பிறகு அவர் ஸ்டியரிங் பிடிக்கவில்லை. அழுது நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் போகும்போது எப்போதும் முன் சீட்டில் இருப்பார். வளைவு வந்தால் சாரதி திருப்புவதற்குச் சற்று முன்பே அவருடைய தோள் திரும்பும். இப்போது நானும் கார் ஓட்டுகிறேன். மின் மோட்டார் திருப்பும் ஸ்டியரிங்கும் அப்படியொன்றும் ஊமை இல்லை. குறைவாகப் பேசும், அவ்வளவுதான். கல் ரோட்டில் இறங்கினால் அது சொல்லிவிடுகிறது.

அன்று இவற்றில் ஒன்றும் எனக்குத் தெரியாது. பின்னேரம் ஹாஜியாரின் மகன் காரைக் கொண்டுவந்து வாசலில் விட்டுப் போனதும், நான் வாளியில் தண்ணீர் எடுத்து அதைக் கழுவத் தொடங்கினேன். விற்கப்போகும் கார் இல்லையே, இனி எங்கள் கார்தானே. கதவுகளைக் கழுவி, கண்ணாடிகளைத் துடைத்து, உள்ளே ஏறி ஸ்டியரிங்கையும் ஈரத் துணியால் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். இறங்கி நிமிர்ந்தபோது மேல்மாடி ஜன்னலில் பெரியம்மா நின்று பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"பெரியம்மா, நாளைக்கு கிளாஸ் இருக்குதானே?" என்று கேட்டேன்.

அவர் அப்படியே நின்றார். ஜன்னல் மூடியிருப்பதால் கேட்கவில்லைபோலும் என்று நினைத்து, இன்னும் சத்தமாக, இன்னும் சந்தோஷமாக, மறுபடியும் கேட்டேன்.