டெல்ஃபின் மெட்டுப் போட்டால்

டெல்ஃபின் மரசிகன் யாருக்கு மெட்டுப் போட்டாலும், வருஷம் திரும்புவதற்குள் அவர்களுக்கு அடக்கம்தான் என்று அந்த ஏரிக்கரை ஊரில் ஒரு பேச்சு. மீன் விற்கும் பெண்கள் தொடங்கிவைத்தார்கள். சலூனில் ஆதாரம் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்தபோது வேதவாக்காகிவிட்டது.

ஆதாரத்துக்குப் பஞ்சமில்லை. ஊர்த்தலைவர் இக்னசியோவுக்கு அணிநடை மெட்டு: மெட்டு வந்தது, தலைவர் போனார். மீனவர் சங்கத்துக்குக் கீதம்: சங்கம் கலைந்தது. சேவல் சண்டைக் களத்துக்கு விளம்பரப் பாட்டு: களத்தில் இப்போது ஆடு மேய்கிறது. இருபத்தாறு வயதுக்குள் இவ்வளவையும் தாளம் தப்பாமல் முடித்துவைத்தவன் அந்த மாகாணத்திலேயே கிடையாது.

டெல்ஃபின் சிரித்துவிட்டுப் போயிருப்பான். ஆனால் புனித ரோக்கே கோவில் பாடகர் குழு, திருவிழாப் பூசைக்கென்று கேட்டு வாங்கிய பாட்டைத் திருப்பி அனுப்பிவிட்டது. மற்றதெல்லாம் வயிற்றுக்கு எழுதியவை. இது ஒன்றுதான், மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து, தனக்கே பிடித்து எழுதியது. அதை யாராவது பாடிக் கேட்க வேண்டும் அவனுக்கு. குழுத்தலைவி ஆலிங் பூராவோ (அந்த ஊரில் மூத்த பெண்கள் எல்லாருமே ‘ஆலிங்’) காரணம் கேட்டால் சிலுவை போட்டுக்கொள்கிறாள்.

பழியைத் துடைக்கக் கிளம்பினான்.

தலைவரின் மனைவி ஆலிங் சாபெல் காப்பி கொடுத்தாள். "மணிலா டாக்டர் கையை விரிச்சிட்டாருப்பா. அந்த வாரமேதான் உனக்கு ஆளனுப்பினாரு. நல்லா இருந்தப்ப அந்த மனுஷனுக்குப் பாட்டு எதுக்கு? பேண்டுக்குக் குடுக்கிற காசுல பன்னிக்குட்டி வாங்கியிருப்பாரு."

ஊர் பேண்டுக்காரர்கள் திருவிழா மெட்டையே இழுத்து வாசித்துச் சவ ஊர்வலத்துக்கும் ஓட்டிவிடுகிறவர்கள். தலைவரின் மெட்டை ஊர் முதன்முதலில் கேட்டது கல்லறைக்குப் போகும் வழியில்தான். பேச்சு கிளம்பாமல் என்ன செய்யும்?

சங்கத்தின் பழைய செயலாளர் இப்போது மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறார். கூட்டத்துக்கு ஆளே வராமல் போன பிறகுதான், பாட்டு இருந்தால் வருவார்கள் என்று யாரோ யோசனை சொன்னதாக ஒப்புக்கொண்டார். அந்த யாரோ தானேதான் என்பதை இறங்கும்போது சொன்னார்.

ஆக, டெல்ஃபின் யாரையும் கொல்லவில்லை. சாகக் கிடக்கிறவருக்கு எண்ணெய் பூச வரும் பாதிரியாரைப் போல, கடைசியில் கூப்பிடப்படுகிறவன். அவ்வளவுதான். திரும்பி வந்த தாள்களை எடுத்துக்கொண்டு கோவிலுக்கு ஓடினான்.

ஆலிங் பூரா பீடத்தடியில் மெழுகு சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"பாட்டு கொல்லல, ஆலிங் பூரா. போகப்போறவங்கதான் என்கிட்ட வர்றாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அது எனக்குத் தெரியாதாக்கும்? உன்கிட்ட பாட்டு கேக்கலாம்னு எல்லாரும் கை தூக்கினப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு, குழுவுக்கும் கடைசிக்காலம்னு."

குழுவின் ஒரே நல்ல ஆண்குரல் கத்தாருக்கு வேலைக்குப் போய்விட்டது. உச்சக்குரல் பாடும் லுர்தெஸ் வரிக்கு வரி மூச்சுமருந்து உறிஞ்சுகிறாள். புதுப் பாதிரியாரோ இவர்களுக்குப் பதிலாகக் கிதார் வாசிக்கும் பிள்ளைகளைப் பாடவைக்கப் பார்க்கிறார். இதையெல்லாம் அவள் மெழுகைப் பார்த்தபடியே சொன்னாள்.

அப்படியென்றால் பாடவே மாட்டீர்களா என்று கேட்டான்.

அவள் தாள்களை வாங்கினாள். கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்து அவன் சட்டைப்பையில் செருகினாள்.

"பாடுறோம். ஆமென் மட்டும் உன்கிட்டயே இருக்கட்டும். நீ எங்களுக்குத் தர வேண்டிய பாக்கி. அவசரமில்ல, மாயிஸ்த்ரோ வாத்தியாரே."

திருவிழாவில் பாடினார்கள். நன்றாகவே பாடினார்கள். கடைசிச் சொல்லுக்கு முன்னால் அப்படியே நின்றார்கள். பாதிரியார் கொஞ்சம் காத்திருந்தார், இருமினார், பூசையைத் தொடர்ந்தார்.

குழு இன்றும் இருக்கிறது, ஐந்து பேரோடு. டெல்ஃபின் அந்த ஆமெனை இன்னும் கொடுக்கவில்லை.