அரை நூல் இடம்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர், நண்பர் அனைவருக்கும் வணக்கம். ஒரே தங்கை என்பதால் என்னை எழுதச் சொன்னார்கள். சரியாக எழுதுகிறேனா என்று தெரியவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் எங்கள் மலையின் வாழவந்தி நாட்டில் பிறந்தவர். அப்பா காலமானதும் பத்தாம் வகுப்போடு நின்று, மிளகுத் தோட்டத்தையும் மரவள்ளிக் காட்டையும் ஏற்றுக்கொண்டார். நான் நாமக்கல்லில் விடுதியில் தங்கி ஆசிரியர் பயிற்சி முடித்தது அவரால்தான். வீட்டின் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறையில் கதவு, சன்னல், கட்டில் செய்வார். தாம் செய்த கதவு மழைக்காலத்தில் இறுகிக்கொண்டால், கூப்பிடும் முன்பே இழைப்புளியோடு அந்த வீட்டு வாசலில் நிற்பார்.

என் மகள் பிறந்ததும் அவள் காதுகுத்துக்குத் தோடு வாங்கி வைத்துவிட்டார். "தாய்மாமன் தோட்டை வெறுங்கையில நீட்டுறதா? பொட்டி செஞ்சு அதுல வெச்சுத் தாரேன் கண்ணு" என்றார். காற்றில் விழுந்த பலாமரத்தின் காய்ந்த பலகையை எடுத்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டியைத் தொடங்கினார்.

அதற்குள் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரம் இரண்டு முறை மலைப்பாதையின் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கி ஏறி மருத்துவமனைக்குப் போய்வந்தார். போகாத நாட்களில் பெட்டியின் மூடியில் மிளகுக்கொடி செதுக்கினார். ஓய்வெடுக்கச் சொன்னால், "கை சும்மா கெடந்தாத்தான் நோவு" என்பார். பெட்டியும் மூடியும் தனித்தனியாகத் தயாராயின. மூடியை, அது நகரும் பள்ளமான காடியில் பொருத்தும் முன் அவர் போய்விட்டார்.

காதுகுத்தைத் தள்ளி வைத்தோம். பெட்டியை நானே முடிப்பது என்று முடிவு செய்தேன். உளி பிடித்தறியாத கை. குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, அவர் பட்டறையில் உட்கார்ந்து உப்புத்தாளால் மூடியைத் தேய்த்தேன். மூடியின் அடியில் பென்சிலால் "அரை நூல் விடவும்" என்று எழுதியிருந்தார். இழுத்துத் திறக்கும் மூடி அல்லவா, பிடித்து இழுக்க நூல் விடச் சொல்கிறார் என்று எண்ணினேன். அரை என்றால்? தையல் நூலைப் புரி பிரித்துப் பாதியாக்கி, ஓரத்தில் துளையிட்டுக் கட்டினேன். மூடி இடுக்கில்லாமல் இறுக்கமாக உட்கார்ந்தது. தோட்டை உள்ளே வைத்து மூடினேன். அது பங்குனி வெயில்.

ஆனி மழையில் மலைமேல் பனிமூட்டம் இறங்கியபோது மூடி அசையவில்லை. இழுத்தேன்; நூல் அறுந்தது. பெட்டியை அண்ணியிடம் எடுத்துப் போனேன். அறுந்த நூலைப் பார்த்து அண்ணி கேட்டார்:

"ஏனுங்க அம்மணி, பொட்டிக்கு அரணாக்கயிறா கட்டுனீங்க?"

"அண்ணன்தான் அரை நூல் விடச் சொல்லி எழுதியிருக்காருங்க, அண்ணி."

ஓராண்டில் அண்ணி சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். "டீச்சரம்மா, அது தைக்கிற நூல் இல்லீங்க. அளவு. அங்குலத்துல எட்டுல ஒரு பங்குதான் நூலு. பனிக்கு மரம் ஊதும்னு அதுல பாதி எடம் விடச் சொல்லியிருக்காரு."

நான் பதறி உளியை எடுத்தேன். "வெய்யுங்க அதை. கொடி பேந்துரும்" என்று தடுத்தார். மூன்று நாள் கிடைத்த வெயிலில் எல்லாம் பெட்டியை வைத்து எடுத்தோம். நான்காம் நாள் மூடி நகர்ந்தது. அண்ணியே இழைப்புளி பிடித்து இரு ஓரமும் அளந்து இழைத்தார். எங்கே கற்றீர்கள் என்றேன். "அவரு இழைக்கறப்ப பலகையோட அந்தப் பக்கத்தைப் புடிச்சுட்டு இருந்தது ஆருன்னு நெனச்சீங்க?" என்றார்.

அப்போது மனதில் பட்டதைக் கேட்டுவிட்டேன்: காதுகுத்தில் மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளை, உங்கள் மடியில் உட்காரட்டுமே. அண்ணி இழைப்புளியைத் துடைத்தபடி, "ஊரு பேசும் அம்மணி. பங்காளி மடி எத்தனையோ இருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

குடும்பத்துக்கு மூத்தவரான பெரியப்பாவிடம் போனேன். அவரும் முதலில் பங்காளி மடியைத்தான் சொன்னார். பிறகு பெட்டியைத் திறந்து மூடிப் பார்த்தார்.

"ஆரு முடிச்சது?"

"அண்ணிதானுங்க."

"மாமன் வேலையை முடிச்சவ மடிதான் மாமன் மடி. போ சாமி, ஆவறதைப் பாரு."

அண்ணி இன்னும் சம்மதிக்கவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அச்சகத்துக்கு அனுப்பும் முன் இந்தப் பகுதியை இரண்டு முறை அடித்து நீக்கினேன். மூன்றாம் முறை அடிக்கவில்லை.

அண்ணனை ஒரு வாரமும் தவறாமல் தம் ஜீப்பில் அழைத்துச் சென்ற பக்கத்துத் தோட்டத்தாருக்கும், கஞ்சி கொடுத்தனுப்பிய வீடுகளுக்கும், இறுதிவரை தோள் கொடுத்த பெரக்கரை நாட்டு உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஆவணியில் என் மகளுக்குக் காதுகுத்து. அண்ணியின் மடியில்தான் நடக்கும். அனைவரும் வந்து, அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து வாழ்த்துங்கள். தோடு பெட்டியில் இருக்கிறது. பனியிலும் மூடி திறக்கிறது.