பறித்த கீரையும் அறுத்த கீரையும்

என் மகள் டாக்டருக்குப் படிக்கிறாள். நான் ஏழாவதோடு நின்றவன். ஆனாலும் தாம்பரத்தில் தண்ணீர் மோட்டார் ஓடாவிட்டால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு கடை, பதினோரு ஆட்கள், எல்லாம் இந்தக் கையால் வந்தது. அதனால் போன மாதம் அவள் என்னை உட்கார வைத்து டோபமின் என்று ஒன்றைப் பற்றிப் பாடம் எடுத்தபோது நான் அதிகம் அசரவில்லை.

மூளையில் சுரக்கிற சமாச்சாரமாம். ஒன்று கிடைக்கும்போது வருவதைவிட, கிடைக்குமோ கிடைக்காதோ என்று காத்திருக்கும்போதுதான் அது ஆளை அதிகம் உந்துமாம். அதைச் சீராக வைக்கக் குறுக்கு வழி கிடையாது, நேரத்துக்குத் தூங்கி, காலை வெயிலில் நடந்து, ஒழுங்காகச் சாப்பிட்டு, ஒரு சின்ன வேலையைத் தினமும் செய்து முடித்தாலே பாதி தூரம் வந்த மாதிரி என்றாள். எல்லாம் கேட்டுவிட்டு, “இதை நான் பதினோரு வயசுலயே பண்ணி முடிச்சவன்மா” என்றேன். அவள் நம்பவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். மேற்குத் தாம்பரத்தில், ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் எங்கள் ஓட்டு வீடு. எங்கள் தெருமுனையில் நின்றால் இடது கைப்பக்கம் ஸ்டேஷன், வலது கைப்பக்கம் பீர்க்கன்கரணை ஏரிக்குப் போகும் சாலை. இந்த இரண்டு பக்கத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க இதில்தான் இருக்கிறது.

அம்மாவுக்கு ஒரே தம்பி, என் மாமா. எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றுவதில் அவர் கைக்கு ஈடு கிடையாது. அந்தக் கைக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஸ்டேஷன் வாசலில் லாட்டரிச் சீட்டுகளைத் தோரணம் மாதிரித் தொங்கவிட்டிருக்கும் கடையில் தினமும் காலையில் போய் நிற்கும். பேப்பரில் முந்தின நாள் முடிவைப் பார்ப்பார், அடுத்த நாள் குலுக்கலுக்குச் சீட்டு வாங்குவார். “ஒரு நம்பர்ல போச்சு” என்பதுதான் அவர் வீட்டுக்குக் கொண்டுவரும் சம்பளம். அத்தை ஒருநாள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அனகாபுத்தூரில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். மாமா ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அம்மா சமாதானம் பேசப் போனாள். அத்தை ஒரே வார்த்தையாகச் சொன்னாளாம். “தை பொறக்கற வரைக்கும் அவரு ஒரு சீட்டு தொடக்கூடாது. தொடலன்னு உங்க வாயால சொல்லுங்க அண்ணி, நான் வர்றேன். அவரு சத்தியம்லாம் எனக்கு வாணாம்.”

அன்று சாயங்காலம் அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

“டேய், மாமாவுக்கு மனசு சரியில்ல. காலைல ஸ்டேஷன் பக்கம் போனா அவ்ளோதான், அத்த வரமாட்டா. நீதான் கூடவே போய் ஏரி வரைக்கும் நடந்துட்டு வரணும். கரையோரம் பொன்னாங்கண்ணி கீது, ஒரு கை பறிச்சிகினு வா, கண்ணுக்கு நல்லது. மாமா கைய வுடாத.”

எனக்கு நெஞ்சு ஒரு சாண் விரிந்தது. ஒரு பெரிய ஆளைக் காவல் காக்கும் பொறுப்பை என் வயதுப் பையன்கள் யாருக்குக் கொடுத்தார்கள்?

எனக்கும் ஒரு சின்னப் பழக்கம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏரிக்குப் போகும் சாலையில் ஒரு பெட்டிக்கடை. வாசலில் ஒரு பெரிய அட்டை தொங்கும். அதில் தபால்தலை அளவுக்கு மடித்த காகிதங்கள் வரிசையாக ஒட்டியிருக்கும். பத்துக் காசு கொடுத்தால் ஒன்றைக் கிழிக்கலாம். உள்ளே ஒரு எண், எண்ணுக்கு ஒரு பரிசு. பலூன், விசில், பெரும்பாலும் ஒரு புளிப்பு மிட்டாய். அட்டையின் உச்சியில் கண்ணாடித்தாள் சுற்றிய ஒரு கைக்கடிகாரம். அந்தக் கடிகாரத்தின் எண்ணைக் கடைக்காரர் கடைசிவரைக்கும் அட்டையில் ஒட்டியிருக்கமாட்டார் என்பது இன்றைக்கு வியாபாரியான எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. வீட்டில் சில்லறை குறைந்தது, பால் வாங்கப் போனவன் நேரம் கழித்து வந்தான், அவ்வளவுதான். அதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடியலிலேயே கிளம்பினோம். முதல் பத்து நாள் நரகம். எனக்குத் தூக்கம் கண்ணைச் சொருகும். மாமாவின் கை நிமிடத்துக்கு ஒருதரம் சட்டைப்பையைத் தடவும். தெருமுனைக்கு வந்ததும் அவர் கால் தானாக இடது பக்கம் திரும்பும். நான் கையைப் பிடித்து வலது பக்கம் இழுப்பேன். பெட்டிக்கடை வந்ததும் மாமா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடப்பார். பாவம், பயப்படுகிறார், என் துணை வேண்டியிருக்கிறது என்று நானும் விட்டுக்கொடுத்து நடப்பேன். அவர் கை பிடித்திருக்கும்போது அட்டையைக் கிழிக்க முடியாது. பொறுப்பு என்றால் தியாகம் இருக்கும்தானே.

ஏரியில் குளிப்போம். கரையில் ஈரத்தில் மண்டியிட்டுக் கீரை பறிப்போம். தலை காயக் காய இளவெயிலில் திரும்புவோம். பத்து நாள் கழித்து எனக்குப் பசி எடுக்க ஆரம்பித்தது, இட்லி ஆறு, ஏழு என்று போனது. ராத்திரி எட்டு மணிக்கே தலை சாயும். மாமா பழையபடி விசிலடித்துக்கொண்டு கம்பி சுற்றினார். சாயங்காலம் எனக்கும் மோட்டாருக்கு ஒரு கம்பிச் சுருள் கட்டக் கற்றுக்கொடுத்தார். சொந்தக் கையால் கட்டிய மோட்டார் முதன்முதலாக உறுமியபோது எனக்கு அந்தக் கடிகாரம் ஞாபகத்துக்கே வரவில்லை. இன்றைய கடைகளுக்கு அஸ்திவாரம் அந்த உறுமல்தான்.

தீபாவளிக்கு முந்தின வாரம் வந்தது சோதனை. பெரிய குலுக்கல், பெரிய பரிசு. தெருமுனையில் மாமா இடது பக்கம் திரும்பினார், நான் இழுத்தும் நிற்கவில்லை. “சும்மா பாத்துட்டு வந்துடலாம் மாப்ள” என்றார். ஸ்டேஷன் வாசலில் ஒலிபெருக்கி கத்தியது, சீட்டுகள் காற்றில் படபடத்தன. மாமா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துவிட்டார்.

இந்த இடத்தை முப்பது வருஷம் நான் வேறு மாதிரி சொல்லியிருக்கிறேன். கையைத் தட்டிவிட்டேன், காலைக் கட்டிக்கொண்டேன் என்றெல்லாம். நடந்தது இதுதான்.

“மாமா, நீ வாங்கு. நான் அம்மா கிட்ட சொல்லமாட்டேன்” என்றேன். “எனக்கு ஒரு ரூபா குடு. அட்டையில கொஞ்சம்தான் பாக்கி கீது, வாட்ச் அதுலதான் கீது. அன்னிக்கே ஒரு நம்பர்ல போச்சு மாமா. இந்த வாட்டி கண்டிப்பா.”

மாமா என்னை ஏதோ புது ஆளைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார்.

“யாருடா உனக்கு இப்டி பேச சொல்லிக் குடுத்தா?”

“நீதான் சொல்லுவ மாமா, ஒரு நம்பர்ல போச்சுன்னு.”

கடைக்காரர் சீட்டை நீட்டிக்கொண்டே இருந்தார். “இன்னா நைனா, வேணுமா வாணாமா? பின்னால ஆளு நிக்குது.”

மாமா நோட்டை மடித்துப் பையில் வைத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். எனக்கு ஒரு ரூபாய் போன வருத்தம்.

அதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஏரிக்குப் போய்வர நேரமில்லை. கீரை இல்லாமல் போனால் அம்மா கேட்பாள். மார்க்கெட்டில் ஒரு கட்டுப் பொன்னாங்கண்ணி வாங்கினோம். வாழைநாரை அவிழ்த்து எறிந்துவிட்டு, தெருக்குழாயில் கீரையையும் எங்கள் தலையையும் நனைத்துக்கொண்டோம். அந்த யோசனை என்னுடையது. அம்மா கீரையை வாங்கிப் பார்த்தாள். “நல்லா கீது” என்றாள். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, “மாமா சீட்டு வாங்குச்சா?” என்று கேட்டாள். இல்லை என்றேன், உண்மைதானே. கிணற்றடியில் மாமாவிடம் அவள் ஏதோ கேட்பதும், “இல்லக்கா, அவன் தொடல” என்று அவர் சொல்வதும் காதில் விழுந்தது. அம்மா என் இட்லியைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்து, போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன்.

தை பிறந்தது. அத்தை வந்து வாசலில் நின்று அம்மா முகத்தைப் பார்த்தாள். “தினமும் ஏரிக்குத்தான் போச்சு. ஒரு நாள் தப்பல” என்றாள் அம்மா. அத்தை குழந்தையை மாமா கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள். என் பொறுப்பை நான் முடித்தேன். மாமா அதற்கப்புறம் சீட்டுத் தொட்டதில்லை.

மாமாவின் அறுபதாம் கல்யாணம் தாம்பரத்திலேயே மண்டபம் பிடித்து நடந்தது, செலவு என்னுடையது. பந்தி முடிந்து சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, பதினோரு வயதில் இவரைக் காப்பாற்றியவன் நான் என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“யாரு, நீயா? டேய் மாப்ள, உன்ன காவல் காக்கத்தான்டா அக்கா என்ன அனுப்பிச்சு. பையன் காசு திருடி அட்ட கிழிக்கிறான், பொட்டிக்கட பக்கம் கைய வுடாதன்னு சொல்லி அனுப்பிச்சு. உன்னால நான் மூணு மாசம் தூங்கல.”

கூட்டம் சிரித்தது. நான் விடுவேனா? “அம்மா, நீயே சொல்லு. யார யார் கூட அனுப்பின?”

அம்மா ஒரு மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

“ஏரிக் கீரைய பறிச்சா வேரோட வரும், மண்ணு ஒட்டிகினு கீது. அன்னிக்கி ஒரு நாள் மட்டும் கத்தியால அறுத்த கீரைய கொணாந்தீங்களே ரெண்டு பேரும், அத மொதல்ல சொல்லுங்க” என்றாள்.

மாமா என்னைப் பார்த்தார், நான் மாமாவைப் பார்த்தேன். அறுத்த கீரையைக் கையில் வாங்கி, நாங்கள் ஏரிக்குப் போகவில்லை என்று தெரிந்தேதான், ஒரு நாள் தப்பல என்று அத்தையிடம் அம்மா தன் வாயால் சொல்லியிருக்கிறாள். அந்தக் கீரை வந்த அன்று இரவு நான் எட்டு மணிக்குத் தூங்கிவிட்டேன். அவள் தூங்கினாளா என்று எனக்குத் தெரியாது.